40 லீற்றர் முதுகுப்பை: நேபாளத்துக்கும் வியட்நாமுக்கும் கொண்டுசென்ற பின் ஒரு மதிப்புரை

திருகோணமலையிலிருந்து முதுகில் ஒரு பையுடன் வெளிநாடு செல்லப் புறப்படும் எவரும், விமானத்தில் ஏறும் முன்னரே ஒரு நீண்ட வழியைக் கடந்திருப்பார். கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. இரவுப் புகையிரதத்தில் ஏறினால் கல்லோயாச் சந்தியையும் மாகோவையும் தாண்டி அதிகாலையில் கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு மறுபடி பேருந்து தேட வேண்டும். வீதியால் செல்வோர் குருநாகலில் இறங்கி நீர்கொழும்புப் பேருந்துக்கு மாறுவதும் உண்டு. பொதி வைக்க இடமில்லாத சிறிய இன்டர்சிற்றி வண்டிகளில் பெரிய பை ஒன்றுடன் ஏறினால், அதற்கும் ஓர் ஆசனத்துக்குரிய கட்டணத்தைக் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் இறங்கும் வரை அது மடியில்தான் இருக்கும். ஆகையால், நம் ஊரிலிருந்து செல்பவர் எத்தகைய பயணப்பையை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஐரோப்பியப் பயணிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் விடை அப்படியே பொருந்துவதில்லை. அதை மனத்திற்கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் மதிப்பிடும் பை 40 லீற்றர் கொள்ளளவு உடையது. உயரம் 54 சென்ரிமீற்றர், அகலம் 34, தடிப்பு 22. வெறும் பையின் நிறை 1.6 கிலோகிராம். உடற்பகுதி 420 டெனியர் (நூலின் தடிப்பைக் குறிக்கும் அளவு) நைலோன் துணியாலானது. முன்பக்கம் முழுவதும் சூட்கேஸைப் போலத் திறக்கிறது. இடுப்புப்பட்டியும் நெஞ்சுப்பட்டியும் உண்டு. மழையுறை ஒன்றும் அடியில் ஒரு சிறு அறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் 28,000 ரூபாவுக்கு வாங்கினேன். செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பை செய்கின்றன. பெயர்ச்சீட்டைவிட, கையில் எடுத்தவுடன் எதை இழுத்துப் பார்க்க வேண்டும், எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது வாங்குபவருக்குக் கூடுதலாகப் பயன்படும். முதலில் நேபாளத்துக்கும் பின்னர் வியட்நாமுக்கும் இதைக் கொண்டுசென்றேன். இடைப்பட்ட காலத்தில் கடலுக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டின் அலுமாரியில் இருந்தது. அந்த அலுமாரிக் காலத்தையும் சோதனையாகவே கருதுகிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே கூறிவிடலாம்: சுமையைத் தாங்கும் வேலையை இந்தப் பை மிகச் சிறப்பாகச் செய்கிறது, மழையைத் தடுக்கும் வேலையை அரைகுறையாகவே செய்கிறது.

ஏன் 65 லீற்றர் வாங்காமல் 40 லீற்றர் என்று பலர் கேட்டார்கள். கட்டணத்தை மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். எயார் ஏசியா, வியட்ஜெட் போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் 56 × 36 × 23 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் கைப்பொதியை, மொத்த நிறை 7 கிலோகிராமுக்கு மேற்படாதவரை, மேலதிகக் கட்டணமின்றி உள்ளே எடுத்துச் செல்லலாம். இந்தப் பை அந்த அளவுக்குள் நிற்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நம் கடவுச்சீட்டு. கட்டணம் குறைவு என்பதற்காக இரண்டு விமானங்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் வாங்கி நடுவில் ஒரு நாட்டில் மாறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பையை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தால், அதைப் பெற்று மறு விமானத்தில் மீண்டும் ஒப்படைப்பதற்குக் குடிவரவைத் தாண்டி அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அந்த நாடு இலங்கையருக்கு முன்கூட்டியே விசா கேட்கும் நாடாக இருந்தால், பையை எடுப்பதற்காகவே ஒரு விசா வேண்டும். விசா இல்லையெனப் புறப்படும் இடத்திலேயே ஏற்ற மறுக்கவும் கூடும். பல மேலைநாட்டுக் கடவுச்சீட்டுகளுக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லாததால், அந்நாட்டினர் எழுதும் பயணக் குறிப்புகளில் இது இடம்பெறுவதே அரிது. எல்லாம் முதுகிலேயே இருந்தால், மாறும் விமானத்தில் ஏறுவதற்கான அட்டையையும் (போர்டிங் பாஸ்) முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தால், இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. அப்படியிருந்தும் டிக்கெட் வாங்குவதற்கு முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வது அவசியம். நம்மவருக்குச் சிறிய பை என்பது விசாக் கணக்கோடு சேர்ந்த விடயம்.

7 கிலோகிராம் என்றால் பையின் நிறை போக 5.4 கிலோகிராம் மீதி. அதற்குள் வாழ முடியுமா என்ற அச்சம் புறப்படும்வரைதான் இருக்கும். மூன்று மேலுடுப்புகள், இரண்டு காற்சட்டைகள், உள்ளுடுப்புகள், ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, மழைச்சட்டை, ஒரு பருத்திச் சாரம், செருப்பு, மருந்துகள், மின்னேற்றி ஆகியவற்றுடன் எனக்கு இடமும் நிறையும் போதுமாக இருந்தன. கட்மண்டுவிலும் ஹனோயிலும் கிலோ கணக்கில் உடுப்புத் தோய்த்துத் தரும் கடைகள் பயணிகள் தங்கும் தெருக்களில் எங்கும் இருக்கின்றன. காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மாலையில் மடித்துத் தருவார்கள். சாரத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன்: துவாயாகவும், பேருந்தின் குளிரில் போர்வையாகவும், பொதுக் குளியலறைக்குச் செல்லும்போது உடுப்பாகவும், விகாரையில் தோளை மூடுவதற்காகவும் அது பயன்பட்டது. கடையில் விற்கும் விரைவாக உலரும் பயணத் துவாய் ஒன்றையும் தேட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைக் குலைப்பவை வீட்டில் அன்போடு கட்டித்தரும் பொதிகள்தான். அவற்றை மறுப்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். எலுமிச்சை ஊறுகாய், நெய், மாசிச் சம்பல் போன்றவை பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவோ களியாகவோ கொள்ளப்படும். ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் அளவுள்ள ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். பெரிய ஊறுகாய்ப் போத்தல் வாசலிலேயே வாங்கி வைக்கப்படும். உலர்ந்த உணவு கொடுக்கச் சொல்லுங்கள். முறுக்கும் வறுத்த கச்சானும் நிறை குறைந்தவை. மலைப்பாதையில் உண்மையாகவே பசி தீர்ப்பவை. புறப்படும் முன் மரக்கறிக் கடையில் உள்ளது போன்ற தூக்குத் தராசில் பையைக் கொளுவி நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. விமான நிலையத்தில் நிறுக்கும்போது பொருட்களை எடுத்து உடம்பில் அணிந்துகொள்ளும் அவலம் அதனால் தவிர்க்கப்படும்.

இனிப் பையின் உயிரான பகுதிக்கு வருகிறேன். ஒரு முதுகுப்பையின் தரம் அதன் அறைகளின் எண்ணிக்கையில் இல்லை, இடுப்புப்பட்டியில் இருக்கிறது. நல்ல இடுப்புப்பட்டி சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பெலும்பின் மேல் வைத்துவிடும். தோள்பட்டிகள் பையை உடம்போடு அணைத்துப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்யும். கடைகளில் பலர் பட்டியை வயிற்றைச் சுற்றிக் கட்டிப் பார்க்கிறார்கள். அது தவறான இடம். பக்கவாட்டில் கை வைத்தால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பை, பட்டியின் நடுப்பகுதி மூடியிருக்க வேண்டும். இந்தப் பையின் பட்டி அகலமானது. உள்ளே அடர்த்தியான பஞ்சு வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கும் வார்கள் முன்பக்கமாக இழுக்கும்படி அமைந்திருப்பதால் கைக்கு வலு குறைந்தவர்களும் எளிதாக இறுக்கலாம்.

பட்டி சரியான இடத்தில் அமர்வதற்கு முதுகின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். ஆளின் உயரம் இதற்கு உதவாது. ஒரே உயரமுள்ள இருவரின் முதுகு நீளம் வேறுபடும். தலையை முன்னே குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து, இரு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்புகளையும் இணைக்கும் கோடு வரை, தையல்காரரின் அளவு நாடாவால் முதுகெலும்பின் வழியே அளக்க வேண்டும். வீட்டில் ஒருவர் துணை இருந்தால் சில நிமிட வேலை. இந்தப் பையின் முதுகுப் பலகையை வெல்குரோவால் 40 சென்ரிமீற்றரிலிருந்து 48 வரை மாற்றியமைக்கலாம். நம் பெண்களில் பலருக்கு ஆண்களுக்கான பைகளின் முதுகு நீளம் அதிகமாக இருக்கும். பட்டி இடுப்புக்குக் கீழே இறங்கி, முழுச் சுமையும் தோளில் தொங்கும். ஆகவே பெண்கள் இந்த மாற்றியமைக்கும் வசதி இல்லாத பையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமலிருப்பதே நல்லது. தோள்பட்டிகள் நெஞ்சுப் பக்கமாக வளைந்து செல்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பையில் அந்த வளைவு போதியதாக இல்லை. நெஞ்சுப்பட்டியை மேலே ஏற்றிக் கட்டியபின்னரே எனக்கு வசதியாக இருந்தது.

அணியும் ஒழுங்கும் முக்கியம். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையைப் போட்டு, முதலில் இடுப்புப்பட்டியைப் பூட்டி இறுக்க வேண்டும், அடுத்துத் தோள்பட்டி, பிறகு தோளுக்கு மேலிருந்து பையின் உச்சிக்குச் செல்லும் சிறு வார், கடைசியாக நெஞ்சுப்பட்டி. பாரமான பொருட்கள் முதுகோடு ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் இருந்தால் பை பின்னோக்கி இழுக்கும், உச்சியில் இருந்தால் நடக்கும்போது ஆளைத் தள்ளாட வைக்கும்.

கடையில் வெறும் பையைப் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பதால் எதுவும் தெரியாது. நான் வீட்டில் 5 கிலோ அரிசிப் பை ஒன்றையும் இரண்டு தண்ணீர்ப் போத்தல்களையும் உள்ளே வைத்து, பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையுள்ள ஏற்றத்தில் அதிகாலையில் நடந்து பார்த்தேன். சுவாமி மலைக்குப் போகும் அந்த வழி நீண்டதன்று. ஆனாலும் ஏற்றமும் வளைவும் படிகளும் இருப்பதால் பட்டி நழுவுகிறதா, தோளில் வெட்டுகிறதா என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். வாங்கியவுடன் விலைச்சீட்டை வெட்டாமல் இப்படி நடந்து பார்த்துவிட்டால், அளவு பொருந்தாத பையைக் கடையில் மாற்றிக்கொள்ளவும் முடியும். (களைத்துப் போய்ப் பையைக் கீழே வைப்பவர்கள் கோட்டைக்குள் திரியும் மான்களைக் கவனித்துக்கொள்ளுங்கள், உணவு மணத்தால் அவை பையைத் தேடி வந்துவிடும்.)

உண்மையான சோதனை நேபாளத்தில் நடந்தது. அன்னபூர்ணாப் பகுதியில் திக்கேதுங்காவிலிருந்து உல்லேரிக்கு ஏறும் வழி ஆயிரக்கணக்கான கற்படிகளாலானது. அதன் பின்னர் கோரேபானி, அங்கிருந்து விடியும் முன் பூன் ஹில். அதன் உயரம் 3,210 மீற்றர். நம் நாட்டின் உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர்தான். கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு 2,500 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு அடியும் கணக்குத்தான். தலையிடியும் குமட்டலும் வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும், குறையாவிட்டால் இறங்க வேண்டும். அந்தப் படிகளில் என் தொடைகளும் மூச்சும் என்னைச் சோதித்தன. தோள் ஒருபோதும் சோதிக்கவில்லை. இடுப்புப்பட்டி பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு ஒன்றும் என்னிடம் இல்லை. பூன் ஹில்லின் உச்சியில் தௌலகிரியின் மேல் முதல் வெளிச்சம் விழுந்தபோது பையைக் கழற்ற வேண்டும் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

நேபாளத்தைப் பற்றி நம்மவர் அறிந்திருக்க வேண்டிய வேறு இரண்டு செய்திகள் உண்டு. இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு, ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கிறது. அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பிரதேசத்துக்கான அனுமதிச் சீட்டு, நான் சென்றபோது ஏனைய வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாவாகவும் சார்க் நாட்டவருக்கு 1,000 ஆகவும் இருந்தது. கடவுச்சீட்டுப் பிரதியும் சிறிய புகைப்படங்களும் கைவசம் இருந்தால் வேலை எளிது. முதன்முறை தனியாகச் செல்லும் நம் இளையோருக்கு நேபாளத்தையே நான் பரிந்துரைப்பேன்.

முன்பக்கம் முழுவதும் திறக்கும் அமைப்பு பழகியபின் விட முடியாததாகிவிட்டது. மேலிருந்து மட்டும் திறக்கும் பையில் அடியில் கிடக்கும் காலுறைக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டும். எட்டுப் பேர் உறங்கும் ஹொஸ்டல் அறையில் நள்ளிரவில் அது மற்றவர்களுக்குச் செய்யும் கொடுமை. வியட்நாமில் ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீற்றர் நீளும் புகையிரதப் பாதையில், ஆறு பேருக்கான மூன்றடுக்குப் படுக்கை அறையில் பயணம் செய்தபோதும் இதன் அருமை தெரிந்தது: மேல்தட்டில் நிமிர்ந்து உட்காரவே உயரம் போதாது, பையைக் காலடியில் படுக்க வைத்து, ஒரு பக்கச் சிப்பை மட்டும் இழுத்து, வேண்டியதை எடுக்க முடிந்தது. சிப் இழுப்பான்கள் இரண்டும் சேரும் இடத்தில் சிறிய ஆமைப்பூட்டுக்கான துளை இருக்கிறது. துணியைக் கிழிக்க நினைப்பவரை அது தடுக்காது. திறந்து கை விடுபவரைத் தடுக்கும். ஹொஸ்டல்களில் கட்டிலின் கீழுள்ள பெட்டகத்துக்கும் பூட்டு நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்பதால், இரண்டு பூட்டுகள் கொண்டு செல்லுங்கள்.

முதுகோடு ஒட்டிய பக்கத்தில் மறைவான அறை ஒன்று இருக்கிறது. கடவுச்சீட்டுக்கென்று அதைச் செய்திருக்கிறார்கள். எண்ணம் நல்லது, இடம் நல்லதன்று. நம் வியர்வை முழுவதும் அந்த அறையில் ஊறுகிறது. கடவுச்சீட்டை நான் உடுப்புக்குள் கட்டும் மெல்லிய இடுப்புப்பையில் வைத்துக்கொண்டு, அந்த அறையில் பிளாஸ்ரிக் உறையிட்ட விசாப் பிரதிகளை மட்டும் வைத்தேன். வியட்நாம் 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையான மின்விசா வழங்குகிறது. ஒருமுறை நுழைவுக்கு 25 டொலர். விண்ணப்பத்தில் எந்த நுழைவாயிலால் வருகிறோம் என்று குறிப்பிட வேண்டும். கட்டுநாயக்காவில் விமான நிறுவனத்தின் மேசையிலேயே அதைக் கேட்கக்கூடும் என்பதால், தொலைபேசியின் திரையை நம்பியிராமல் கடதாசியில் அச்சிட்டு வைத்திருப்பது மனநிம்மதி தரும். தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க், ஒப்படைக்கும் பொதியில் வைக்கக் கூடாத பொருள். கைப்பொதியில் 100 வாட்மணிக்கு உட்பட்டதை எடுத்துச் செல்லலாம். 20,000 மில்லி அம்பியர்மணி கொண்டது ஏறக்குறைய 74 வாட்மணி என்பதால் அச்சமில்லை. நம் வீடுகளிலுள்ள சதுர மூன்று முனைப் பிளக் நேபாளத்திலும் வியட்நாமிலும் பெரும்பாலும் பொருந்தாது. இரட்டை முனை மாற்றி ஒன்று வேண்டும்.

மழையில் இந்தப் பை என்னைக் கைவிட்டது. வடகீழ்ப் பருவக்காற்று நமக்கு மாரியைக் கொண்டுவரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் மத்திய வியட்நாமின் கரையோரத்திலும் பெருமழை பெய்கிறது. ஹுவே நகரம் அந்நாட்டில் மழை மிகுந்த இடங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் டா நாங்கிலிருந்து ஹாய் வான் கணவாய் வழியாக மோட்டார் சைக்கிளில் ஹுவேக்குச் சென்றபோது, மழையுறை காற்றில் உப்பி ஒரு பக்கமாகக் கழன்றது. உறையைப் பையோடு பிணைக்கும் கொக்கி எதுவும் கொடுக்கப்படவில்லை. விளிம்பிலுள்ள இழுபடும் நாடா ஒன்றுதான் பிடிமானம். உறை கழலாமல் இருந்தபோதும் முதுகுக்கும் பைக்கும் இடையில் வழிந்த நீர் அடியில் தேங்கியது. துணி நீரை ஓரளவு தடுத்தது. தையல்களும் முன்னறையின் சிப்பும் தடுக்கவில்லை. என் உடுப்புகளைக் காத்தது, பைக்கு உள்ளே விரித்திருந்த கறுப்புக் குப்பைப்பை. தடித்த, பெரிய குப்பைப்பை ஒன்றை உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிட்டால், ஆற்றில் விழுந்தாலும் உடுப்பு பெரும்பாலும் நனையாது. மழையுறையை இப்போது நான் வேறு வேலைக்கே பயன்படுத்துகிறேன்: கட்மண்டுவிலிருந்து பொக்காரா செல்லும் பேருந்துகளில் பைகள் பின்பெட்டியில் புழுதியோடு கிடக்கும், அங்கே வார்கள் எங்கும் மாட்டாமலும் பை அழுக்காகாமலும் காக்க அது உதவும்.

நான் முன்னர் சொன்ன அலுமாரிக் காலம் பற்றி இப்போது எழுத வேண்டும். ஏனெனில் நம் ஊரில் பயணப்பைகள் பயணத்தில் சாவதில்லை, வீட்டில்தான் சாகின்றன. துணியின் உட்பக்கத்தில் நீர் தடுப்பதற்காகப் பொலியூரித்தேன் என்னும் பூச்சு இடப்பட்டிருக்கும். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை நீர் மெல்ல அறுத்துவிடும். முதலில் கையில் ஒட்டும், பிறகு புளித்த நாற்றம் வரும், பின்னர் வெள்ளைச் செதில்களாக உரிந்து உடுப்பில் படியும். ஒருமுறைகூட வெளியே எடுக்காத பைக்கும் இது நேரும். கடலோரக் காற்றும் மாரிக்காலப் புழுக்கமும் உள்ள நம் ஊரில் இந்தச் சிதைவு விரைவாக நடப்பதில் வியப்பில்லை. என் பையின் அடிமூலையிலும் இலேசான ஒட்டும் தன்மை தொடங்கியிருந்ததைக் கண்டேன்.

இதை முற்றாகத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். பையை மடித்து பிளாஸ்ரிக் உறையில் கட்டி வைக்கவே கூடாது. எல்லாச் சிப்புகளையும் திறந்து, அலுமாரிக்கு வெளியே, காற்றோட்டமுள்ள சுவரில் தொங்கவிட வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று வரண்டு வீசும்போது ஒரு நாள் நிழலில் உட்புறம் வெளியே தெரியும்படி விரித்து வைத்தால், உள்ளே ஊறிய ஈரம் போய்விடும். கழுவுவதென்றால் குளிர்ந்த நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும்; சலவை இயந்திரமும் வெளுப்பானும் பூச்சின் எதிரிகள். புதிதாக வாங்குவோர், சிலிக்கோன் அல்லது டிபியு (ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும் ஒருவகைப் பொலியூரித்தேன்) பூச்சிட்ட துணி கிடைத்தால், சற்று விலை கூடினாலும் அதையே தேர்ந்தெடுப்பது நம் காலநிலைக்கு ஏற்றது. கடையிலேயே பழைய இருப்பில் உள்ள பை சிதையத் தொடங்கியிருக்கலாம். ஆகவே உள்ளே கைவிட்டு மூலைகளைத் தடவி, முகர்ந்தும் பாருங்கள்.

உப்புக்காற்றின் பாதிப்பு சிப்புகளிலும் தெரியும். பற்கள் நைலோன் சுருளாக இருந்தால் அவை துருப்பிடிக்காது. அவற்றின் மேல் ஓடும் உலோக இழுப்பான்தான் பச்சை பூத்து இறுகிவிடும். நிலாவெளிக்கோ உப்புவெளிக்கோ பையைக் கொண்டுபோய் மணலில் வைத்துவிட்டு வந்தால், அன்றே நல்ல தண்ணீரில் சிப்புகளைக் கழுவி, உலர்ந்தபின் மெழுகுதிரியைப் பற்களின் மேல் தேய்த்துவிட வேண்டும். இந்தப் பையில் வைகேகே நிறுவனத்தின் சிப்புகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்தப் பராமரிப்புடன் அவை இன்னும் புதிதுபோல் ஓடுகின்றன.

இந்தப் பை எதற்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கூடாரம், உறங்குபை, சமையல் பாத்திரம் ஆகியவற்றைத் தாமே சுமந்து பல நாள் மலையில் தங்குவோருக்கு 40 லீற்றர் காணாது. பூன் ஹில் போன்ற வழிகளில் தேநீர் விடுதிகள் போர்வை தருவதால் எனக்குக் குறையில்லை. குளிர்கால ஐரோப்பாவுக்குச் செல்பவருக்கும் தடித்த மேலங்கியே பாதிப் பையை நிரப்பிவிடும். குழந்தைகளுடன் செல்லும் தாய்மாருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பையைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் இரண்டு கைகளும் வேண்டும்.

வியட்நாமிலிருந்து திரும்பியபின் வலது தோள்பட்டியின் அடியில் தையல் பிரியத் தொடங்கியிருந்தது. இந்த விலைக்கு அது நடந்திருக்கக் கூடாது. சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் கொடுத்தேன். பட்டியைப் பலமாக இழுத்துப் பார்த்துவிட்டு, “துணி நல்லாத்தான் இருக்கு பிள்ளை, போட்ட நூல்தான் காணாது” என்றார். வலை பின்னும் நைலோன் நூலால், சதுரமாக ஒரு தையலும் அதன் நடுவே குறுக்காக இரு தையல்களும் போட்டுத் தந்தார். மற்றப் பட்டிக்கும் அதையே செய்யச் சொன்னேன். இப்போது பையில் மிக உறுதியான இடங்கள் அவை இரண்டும்தான். இடுப்புப்பட்டியின் பக்கிள் உடைந்தால் மட்டும் அவரால் உதவ முடியாது. 38 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்தப் பக்கிளை இங்கே கடைகளில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கொழும்பில் பை உதிரிப்பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பை வாங்கும் அன்றே மேலதிகமாக ஒன்றை வாங்கி, மழையுறை இருக்கும் அடியறையில் போட்டு வையுங்கள்.